எண்பது கஜத்தில் கவுதாரியா? யாரிடம் கதை விடுகிறீர்கள்!

தேய்ஞ்சகட்டை:
நேற்று பழைய துப்பாக்கிகளைப் பற்றிய பேச்சில் நொய்யல்பேரன் என்கிற தம்பி ஒன்று எழுதியிருந்தார். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1969 ஐப்பசியில், காங்கயம் பக்கம் ஒரு கொரங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்), கிளுவை வேலி ஓரம் எழும்பிய கவுதாரியை அவருடைய அப்பாரு எண்பது கஜத்தில் ஒரே வெடியில் இறக்கினாராம். மதராஸ் பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் பொறித்த 12 போர் ரெட்டைக்குழலாம். "இந்தக் காலத்துத் துப்பாக்கி எதுவும் அதன் கால்தூசு பெறாது" என்று கடைசியில் ஒரு முத்தாய்ப்பு வேறு. அதற்கு முப்பத்தாறு பேர் லைக் போட்டிருக்கிறார்கள். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு வயது 79. ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல். என் துப்பாக்கியும் ரெட்டைக்குழல்தான், தோட்டாவைத் தட்டுகிற குதிரை வெளியே நிற்கிற பழைய ரகம். அப்பா 1958இல் இன்னொருவரிடமிருந்து வாங்கியது. கன்னம் பட்டுப் பட்டுக் கட்டையில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் மரம் எண்ணெய் பூசியது போல மின்னும். கழுத்தில் விரிசல் விட்ட இடத்தைச் செம்புக் கம்பியால் சுற்றி வைத்திருக்கிறேன். இடது குதிரை லேசாக ஆடும். இது சுட்ட முயல், காடை, கவுதாரிக்கெல்லாம் கணக்கு எழுதியிருந்தால் ஒரு நோட்டுப் போதாது. அப்படிப்பட்டவன் சொல்கிறேன்: எண்பது கஜத்தில் கவுதாரி விழாது. நாற்பது. நல்ல சோக் குழலாக, அதாவது வாய் குறுகிய குழலாக, இருந்தால் நாற்பத்தைந்து. அதற்கு மேல் சுடுகிறவன் வேட்டைக்காரன் இல்லை, தோட்டாவுக்குச் சொந்தக் காசு கொடுக்காதவன்.

நொய்யல்பேரன்:
வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான் பேசுகிறேனுங்க ஐயா. ஆனால் நீங்கள் அந்தக் கொரங்காட்டில் இருந்தீர்களா? எங்கள் அப்பாரு இருந்தார். கூட இரண்டு பேர் இருந்தார்கள். எண்பது கஜம் என்று சொன்னது நான் இல்லை, பார்த்தவர்கள்.

தேய்ஞ்சகட்டை:
பார்த்தவர்கள் எதை வைத்து அளந்தார்கள்? கண்ணாலா? கண்ணால் அளந்தால் எங்கள் ஊர்க் கண்மாயில் நான் விட்ட வாத்தெல்லாம் இருநூறு கஜம்.

இன்னொன்று. கவுதாரி எப்படிப்பட்ட பறவை என்று தெரியுமா தம்பி? அது முடிந்தவரை ஓடும். புதருக்குள் புகுந்து ஒண்டிக்கொள்ளும். கிட்டத்தட்ட காலடியில் மிதிபடப் போகும்போதுதான் படபடவென்று எழும்பும். நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுவிடும், அவ்வளவு சத்தம். கொஞ்ச தூரம் தாழப் பறந்து திரும்ப இறங்கி ஓடிவிடும். பத்தடியில் எழும்புகிற பறவையை எண்பது கஜம் போகும்வரை உங்கள் அப்பா என்ன, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாரா?

நொய்யல்பேரன்:
அப்பா இல்லைங்க, அப்பாரு. எங்கள் பக்கம் அப்பாரு என்றால் தாத்தா, அப்பாவைப் பெற்றவர். இதுகூடத் தெரியாமல் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வெற்றிலை அவர் போடமாட்டார். நாய் தூரத்து வேலியில் கலைத்துவிட்டது. இவர் கிணற்று மேட்டில் நின்றிருந்தார். கவுதாரி குறுக்கே போனது. சுட்டார். விழுந்தது. எண்பது கஜம்.

தேய்ஞ்சகட்டை:
அப்பாவோ அப்பாரோ, எண்பது கஜம் எண்பது கஜம்தான்.

சும்மாவந்தேன்:
ஒரு சந்தேகம். பி. ஆர் அண்ட் சன்ஸ் அண்ணா சாலையில் இருக்கிற கடிகாரக் கடை இல்லையா? தாத்தா அலாரம் வைத்துக் கவுதாரியை எழுப்பினாரா?

நொய்யல்பேரன்:
அந்தக் கடைதாங்க. கடிகாரம், வெள்ளிச் சாமான், துப்பாக்கி எல்லாம் விற்றார்கள். இங்கிலாந்தில் செய்து வரவழைத்துத் தங்கள் பெயரைப் பொறித்து விற்பது அன்றைக்குப் பெரிய கடைகளின் வழக்கம். குழலுக்கு நடுவில் ஓடுகிற பட்டையில் மதராஸ் என்று இங்கிலீஷில் இழைத்திருக்கும். இன்றைக்கும் விரலால் தடவினால் தெரியும். கிண்டல் பண்ணுவதற்கு முன் கொஞ்சம் தெரிந்துகொண்டு பண்ணலாம்.

தேய்ஞ்சகட்டை:
கடையைப் பற்றித் தம்பி சொல்வது சரி. தூரத்தைப் பற்றிச் சொல்வது பொய்.

கூட்டல்கழித்தல்:
சார், கோபப்படாமல் கணக்குப் போடலாமா? ஆறாம் நம்பர் ரவை (பொடி ஈயக் குண்டு), ஒரு அவுன்ஸுக்குச் சற்றுக் கூடிய சாதாரண இங்கிலீஷ் தோட்டா. உள்ளே ஏறக்குறைய 287 ரவை இருக்கும். ஃபுல் சோக் குழல் என்றால் நாற்பது கஜத்தில் அதில் 70 சதவீதத்தை 30 அங்குல வட்டத்துக்குள் போட வேண்டும் என்பது கணக்கு. அதாவது 200 ரவை. வட்டத்தின் பரப்பு 707 சதுர அங்குலம். இறகைத் தள்ளிவிட்டால் கவுதாரியின் உடம்பு ஒரு 20 சதுர அங்குலம் என்று வைப்போம். ஐந்தாறு ரவை படும். விழுந்துவிடும்.

இனி எண்பது கஜம். தூரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. அதே வட்டத்துக்குள் 50 ரவைதான். கவுதாரி மேல் ஒன்று, ஒன்றரை. நிஜத்தில் இதைவிடக் குறையும், ஏனென்றால் தூரம் போகப் போக ரவை இன்னும் வேகமாகச் சிதறும். வேகமும் செத்துவிடும்.

ஆனால் ஒரு விஷயம். "விழாது" என்றால் என்ன அர்த்தம்? ஒருநாளும் விழாதா, நம்பிச் சுட முடியாதா? இரண்டும் வேறு. அதே மாதிரி கஜமா, தப்படியா, மீட்டரா என்றும் முதலில் முடிவு செய்தால் நல்லது.

சும்மாவந்தேன்:
அந்த அரை ரவை எங்கே கிடைக்கும்? கால் கிலோ வேண்டும், உப்புமாவுக்கு.

தேய்ஞ்சகட்டை:
கூட்டல்கழித்தல் சாருக்கு நன்றி. கணக்கே சொல்லிவிட்டது, விழாது.

நொய்யல்பேரன்:
கூட்டல்கழித்தல் அண்ணாவுக்கு நன்றி. ஒன்றரை ரவை படும் என்று அவரே சொல்லிவிட்டார். எங்கள் அப்பாரு சுட்டதில் பட்டது ஒரே ரவைதாங்க, கழுத்தில். அம்மாயி இறகு பிடுங்கும்போது வேறு எங்கேயும் காயம் இல்லை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்களாம்.

தேய்ஞ்சகட்டை:
அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவர் ஆயிற்றே. எனக்கே தெரியும். அப்பாரு சுட்டதை அம்மாயி எதற்கு இறகு பிடுங்கினார்?

நொய்யல்பேரன்:
சம்பந்தி வீட்டு விருந்துங்க. விருந்துக்கு வந்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? உங்களுக்கு எங்கள் வீட்டுக் குடும்ப அட்டையையும் அனுப்பி வைக்கட்டுமா?

தேய்ஞ்சகட்டை:
1969இல் சம்பந்தி என்றால் உங்கள் அப்பாவுக்கு அப்போதே கல்யாணம் ஆகிவிட்டது. ஆக, சம்பந்திகள் முன்னால் நடந்த வீரம் இது. சம்பந்தி முன்னால் எந்தத் தூரமும் இரண்டு மடங்குதான் தம்பி. அப்போ நாற்பது. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

வன்னிமுசல்:
வணக்கம் ஐயா, தம்பிமார். எங்கட பக்கத்தில துவக்கு என்றுதான் சொல்லுவம், ரவைக்குச் சன்னம். என்ர பெரியப்பா முல்லைத்தீவுப் பக்கம் வயல் காவலுக்குத் துவக்கு வைத்திருந்தவர். முசலுக்கும் காட்டுக்கோழிக்கும் வெடி வைக்கிறது முப்பது கஜத்துக்குள்ளதான். எண்பது கஜம் என்றால் எஸ்.ஜி. சன்னம் போட்டாலும் யோசிக்க வேணும். அது வேற, பன்றிக்கு. ஆனால் தம்பி சொல்லுறது நடக்காது என்று நான் சொல்லமாட்டன். காட்டில எதுவும் நடக்கும்.

தேய்ஞ்சகட்டை:
முப்பது கஜம். கேட்டீர்களா? கடல் தாண்டி ஒருவர் சொல்கிறார்.

நொய்யல்பேரன்:
"நடக்காது என்று சொல்லமாட்டன்." கேட்டீர்களா? கடல் தாண்டி ஒருவர் சொல்கிறார்.

சும்மாவந்தேன்:
கட்டுத்துவக்கு என்று கேள்விப்பட்டிருக்கிறேனே, அது நம் ஊர் நாட்டுத்துப்பாக்கிதானே? மருந்தை இடித்துக் கெட்டிப்பார்களே, அது?

வன்னிமுசல்:
இல்லைத் தம்பி. வாய்ப்பக்கத்தால மருந்து இடிக்கிறதுக்கு எங்களிட்டப் பெயர் இடியன். கட்டுத்துவக்கு என்றால் மிருகம் வாற பாதையில கட்டி வைக்கிறது. கம்பியில கால் பட்டால் தானாக வெடிக்கும். மிருகம் எது, மனுசர் எது என்று அதுக்குத் தெரியாது. விறகுக்குப் போன சனம் கால் இழந்திருக்கு. அதை வேட்டை என்று சொல்லாதேங்கோ. பெரியப்பாவின்ர நல்ல துவக்கும் கடைசியில நிக்கேல்லை. எண்பதுகளில ஒரு இரவு இயக்கப் பெடியள் வந்து கேட்டாங்கள், குடுத்தார். ரசீது இல்லை. துடைக்கிற சீலைத் துண்டு மட்டும் கன காலம் கூரை இறப்பில செருகிக் கிடந்தது.

கானாங்கோழி:
இவ்வளவு பெருமையாகப் பேசுகிறீர்களே, இது குற்றம் என்று யாருக்காவது உறைக்கிறதா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கவுதாரியும் முயலும் அதில் வருகின்றன. சுட்டவர் பேரன் ஊர் உலகத்துக்கு அறிவிக்கிறார், இன்னொருவர் தூரம் போதவில்லை என்று சண்டை போடுகிறார்.

தேய்ஞ்சகட்டை:
அம்மா தாயே, 1969, 1972க்கு முன்னால் வரும். பின்னால் வராது.

அதுவும் போகட்டும். அந்தச் சட்டத்தை நீங்கள் படித்ததுண்டா? அது வந்தபோது சிறு வேட்டைக்கென்று தனி லைசென்ஸே அதற்குள் இருந்தது. பெரிய வேட்டை, சிறு வேட்டை என்று அட்டவணை பிரித்து வைத்திருந்தார்கள். முயலும் கவுதாரியும் நான்காவது அட்டவணையில் வந்தன. முழுசாகக் கதவை மூடியது 1991 திருத்தம். அன்றைக்கு நான் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வேட்டித் துணியில் சுற்றி வைத்தவன்தான். அதன்பிறகு ஒரு காடையைக்கூடச் சுட்டதில்லை. லைசென்ஸ் மட்டும் பயிர்ப் பாதுகாப்புக்கென்று புதுப்பித்துக்கொண்டு வருகிறேன். முன்பு மூன்று வருஷம், இப்போது ஐந்து வருஷம். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் திரும்ப வாங்க வேண்டும். ஒருமுறை திரும்பி வந்தபோது வலது குழல் முழுக்கத் துரு. அங்கே சுவர் ஓரமாக மழைத்தண்ணீர் ஒழுகுகிற இடத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். பத்து நாள் தேய்த்தேன். பள்ளம் பள்ளமாகத் தடம் இன்னும் இருக்கிறது. கேட்டதற்கு, "பெரியவரே, இதை வைத்து இனி யாரைச் சுடப் போறீங்க?" என்றார் அங்கிருந்தவர்.

குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா என்கிற பரம்பரை நில உரிமைக்காரர்களுக்கும் லைசென்ஸே வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை, 2029 வரை நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கைல்போது பண்டிகைக்குத் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். நாங்கள் மட்டும் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கானாங்கோழி:
சட்டம் அனுமதித்தது என்பதால் சரியாகிவிடுமா ஐயா? சட்டத்துக்கு முன்பே பறவையைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இருந்தார்கள். வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள்தான் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிற சமயம். கலெக்டர் பிளேஸ் அவர்களுக்குப் பறவைகளைக் காக்க எழுதியே கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது.

தேய்ஞ்சகட்டை:
வேடந்தாங்கலில் நான் சுடவில்லை. சாலிம் அலிகூடச் சின்ன வயதில் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டதில்தான் பறவை ஆராய்ச்சிக்கே வந்தார். பறவையை நன்றாகப் பார்த்தவன் வேட்டைக்காரன்தான்.

கானாங்கோழி:
அவர் சுட்ட பிறகு பறவையின் பெயர் என்ன என்று கேட்டார். நீங்கள் எத்தனை கஜம் என்று கேட்கிறீர்கள்.

தேய்ஞ்சகட்டை:
எண்பது கஜம் என்று ஆரம்பித்தது நான் இல்லை.

கூட்டல்கழித்தல்:
நொய்யல்பேரன், துப்பாக்கி இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறதா? குழலைக் கழற்றினால் அடிப்பக்கம் முத்திரைகள் இருக்கும். அதைப் பார்த்தால் சோக் குழலா இல்லையா என்று சொல்லிவிடலாம். 12 என்று பார்த்துவிட்டு 12 மில்லிமீட்டர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சிலர் அப்படி நினைக்கிறார்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை நுழைகிற குழல் அது, ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர்.

நொய்யல்பேரன்:
பெரியப்பா பெயரில் லைசென்ஸ், அவர் வீட்டில் இருக்கிறதுங்க. ராத்திரி போட்டோ அனுப்பச் சொன்னேன். 12 என்று ஒரு முத்திரை. அப்புறம் இரண்டு குழலிலும் "நாட் ஃபார் பால்" என்று இருக்கிறது.

தேய்ஞ்சகட்டை:
அப்படிச் சொல்லுங்கள்! "நாட் ஃபார் பால்" முத்திரை 1875இலிருந்து 1887 வரைதான் குத்தினார்கள். ஆக, இது கருமருந்துக் காலத்துக் குழல். புகையில்லாத மருந்துக்குச் சோதித்த முத்திரை தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றைய தோட்டாவைப் போட்டால் கை போய்விடும். தோட்டா உட்காருகிற அறையும் இரண்டரை அங்குலம்தான் இருக்கும். இப்போது வருகிற தோட்டா இரண்டே முக்கால். போடும்போது சமர்த்தாக உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. வெடித்து வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். பெரியப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். விளையாட்டு இல்லை.

இப்படிப்பட்ட கிழட்டுத் துப்பாக்கி எண்பது கஜம் அடித்ததாம்!

கூட்டல்கழித்தல்:
சார், ஒரு நிமிஷம். "நாட் ஃபார் பால்" என்றால் குண்டு போடக்கூடாது, வாய் குறுகிய குழல் என்று அர்த்தம். அதாவது சோக். இரண்டு குழலும் சோக் என்றால் அது தம்பி பக்கம் பலம் சேர்க்கிற விஷயம் ஆயிற்றே?

தேய்ஞ்சகட்டை:
நூற்றைம்பது வருஷத்துத் தேய்மானத்தில் என்ன சோக் மிச்சம் இருக்கும்?

நொய்யல்பேரன்:
உங்கள் கட்டை தேய்ந்தால் அனுபவம். எங்கள் குழல் தேய்ந்தால் கிழடா?

தேய்ஞ்சகட்டை:
தம்பி, வாய்ப்பேச்சு வேண்டாம். நான் சோதித்தே பார்த்தவன். 1974 கோடை. கர்ணத்திடம் நிலம் அளக்கிற சங்கிலியைக் கேட்டு வாங்கினேன். புதுக் கல்யாணம், என் வேட்டியையே இரண்டு உடைமரத்துக்கு நடுவில் திரை மாதிரி கட்டினேன். கரித்துண்டால் முப்பது அங்குல வட்டம் போட்டு, இடது குழலில் சுட்டேன், அதுதான் சோக். நாற்பது கஜத்தில் 176 துளை. அறுபதில் 71. எண்பதில் 19. பத்தொன்பது! நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு வைக்கிற அளவுக்கு ஒரு துளைகூட இல்லாத இடம் இருந்தது. கவுதாரி அதில் படுத்துத் தூங்கலாம். வீட்டுக்காரி அந்த வேட்டியைப் பார்த்துவிட்டு மூன்று நாள் பேசவில்லை. பிறகு அதையே தயிர் வடிகட்ட எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு எங்கள் தோட்டாவும் லேசுப்பட்டதில்லை. பித்தளைத் தோட்டா, வீட்டிலேயே அடைத்தது. பழைய காலண்டர் அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் கம்பளித் துண்டு. முருகன் படம் போட்ட அட்டை என்றால் அப்பா வெட்ட விடமாட்டார். கடைத் தோட்டா, சக்திமான், விசேஷ நாளைக்குத்தான்.

சும்மாவந்தேன்:
ஐயா, நிலச் சங்கிலி 66 அடி, அதாவது 22 கஜம். எங்கள் தாத்தா சர்வேயர், அதனால் தெரியும். இரண்டு சங்கிலி 44, மூன்று சங்கிலி 66, நான்கு சங்கிலி 88. உங்களுக்கு நாற்பது, அறுபது, எண்பது எப்படிக் கிடைத்தது?

தேய்ஞ்சகட்டை:
மூன்று சங்கிலி போட்டுவிட்டு மிச்சத்தைத் தப்படியில் போட்டேன். இதில் என்ன?

நொய்யல்பேரன்:
தப்படியா!!! அப்போது உங்கள் எண்பது கஜமும் தப்படிக் கணக்குதானா? எங்கள் அப்பாரு அளந்தால் மட்டும் கண் அளவை, கதை, சம்பந்தி. நீங்கள் அளந்தால் விஞ்ஞானமா?

தேய்ஞ்சகட்டை:
66 கஜம் இரும்புச் சங்கிலி. பதினான்குதான் தப்படி. பதினான்கில் எவ்வளவு தப்பு வரும்? ஒரு கஜம். உங்களுடையது எண்பதும் தப்படி. அதுவும் யாருடைய தப்படி? விருந்து சாப்பிட்டுவிட்டு வந்த சம்பந்தியுடையது.

கூட்டல்கழித்தல்:
நான் முதலிலேயே கேட்டேன், கஜமா தப்படியா என்று.

தேய்ஞ்சகட்டை:
கஜம்.

நொய்யல்பேரன்:
கஜம்.

வன்னிமுசல்:
ஐயா, உங்கட வேட்டிக் கணக்கின்படி பார்த்தால் எண்பதில பத்தொன்பது சன்னம். அதில ஒன்று கழுத்தில பட்டிருக்கலாம்தானே? நீங்களே சாட்சி சொன்ன மாதிரி இருக்கு.

தேய்ஞ்சகட்டை:
பட்டாலும் துளைக்காது. எண்பதில் வேட்டியில் விழுந்த துளை கிழிந்த மாதிரி இருந்தது. நாற்பதில் ஊசி குத்தின மாதிரி வட்டமாக இருந்தது. கையால் தடவிப் பார்த்தவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும். முயல் தோலை உரித்தவனுக்குத் தெரியும். உள்பக்கம் ரவை நீலமாகத் தேங்கி நிற்கும், தோலைக்கூடத் தாண்டாமல். அந்த முயல் உங்கள் கையில் சிக்காது, காட்டில் மூன்று நாள் கிடந்து சாகும். என் அப்பா என்னை அடித்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தரம். 1964, நான் ஐம்பத்தைந்து கஜத்தில் சுட்ட முயல் காலை இழுத்துக்கொண்டு கள்ளி வேலிக்குள் போய்விட்டது. இருட்டும்வரை தேடினோம். கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பளார். அதனால்தான் இந்த எண்பது கஜத்தைப் படித்தால் எனக்கு எரிகிறது. கூட்டத்தில் ஒருவன் எண்பது என்பான், அதைப் படித்துவிட்டு இன்னொருவன் சுடுவான்.

கானாங்கோழி:
இப்போது யாரும் சுடக்கூடாது ஐயா, அதுதானே சட்டம்?

தேய்ஞ்சகட்டை:
சுடக்கூடாதுதான். அதற்காக எண்பது கஜம் என்று சொல்லலாமா?

மட்டறுத்துநர்:
குடும்ப உறவுமுறை, கடிகாரக் கடை, குடகு, உப்புமா ஆகியவற்றைத் தனி இழையில் பேசவும். இங்கே பேச்சு எண்பது கஜத்தைப் பற்றி மட்டும். வேட்டையாடத் தூண்டும் பதிவு வந்தால் இழை மூடப்படும்.

சும்மாவந்தேன்:
உப்புமாவை யாரும் தூண்டவில்லை.

நொய்யல்பேரன்:
அனைவருக்கும் ஒரு செய்தி. இந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அந்தக் கொரங்காடு இன்னும் இருக்கிறதுங்க. பாதியைச் சோலாருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய கிளுவை வேலி மேற்குப் பக்கம் அப்படியே நிற்கிறது, கிணறும் இருக்கிறது. இரும்பு டேப் எடுத்துக்கொண்டு போனேன். பெரியப்பா ஒரு முனை, நான் ஒரு முனை. கிணற்று மேட்டிலிருந்து வேலி வரை 73 மீட்டர். கஜத்தில் போட்டால் 79.8. ஐயா, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தேய்ஞ்சகட்டை:
79.8 என்பது எண்பது இல்லை.

நொய்யல்பேரன்:
😂😂😂 முடியலைங்க.

கூட்டல்கழித்தல்:
கிணற்றுக்கும் வேலிக்கும் உள்ள தூரம் அது. பறவைக்கும் துப்பாக்கிக்கும் உள்ள தூரம் வேறு. பறவை கிணற்றுப் பக்கமாகப் பறந்து வந்ததா, வேலியை ஒட்டியே போனதா?

நொய்யல்பேரன்:
குறுக்கே போனது என்று முதலிலேயே சொன்னேனுங்களே.

தேய்ஞ்சகட்டை:
குறுக்கே என்றால் எந்தக் குறுக்கே? வேலிக்குக் குறுக்கேயா, ஆளுக்குக் குறுக்கேயா? வேலிக்குக் குறுக்கே என்றால் கிணற்றைப் பார்த்து வந்தது. அப்போ ஐம்பது கஜத்தில் சுட்டிருக்கிறார். ஐம்பதிலேயே நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், ஆனால் அதைப் பிறகு பேசலாம்.

கானாங்கோழி:
நொய்யல்பேரன், அந்த வேலியில் இப்போது கவுதாரி இருக்கிறதா?

நொய்யல்பேரன்:
ஐயா, பெரியப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரும் அன்றைக்குக் கூடவே இருந்தார். பறவை வேலியை ஒட்டியே வடக்கே போனது என்கிறார். அப்பாரு மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்துகொண்டு சுட்டாராம். வெடிச் சத்தத்தில் மோட்டார் ரூம் ஓட்டிலிருந்து புறா எல்லாம் பறந்ததாம். இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறவரைப் பொய்யர் என்பீர்களா?

தேய்ஞ்சகட்டை:
நேற்று வரை கிணற்று மேட்டில் நின்றார். இன்றைக்கு மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்துவிட்டார். கிணற்று மேடு வேறு, மோட்டார் ரூம் வேறு. மோட்டார் ரூம் கிணற்றுக்கு வேலிப் பக்கமா, எதிர்ப்பக்கமா? அதைச் சொல்லவில்லை. டேப்பை எங்கே பிடித்தீர்கள்? அதுவும் சொல்லவில்லை. முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள் தம்பி, 1969இல் அந்தக் கிணற்றுக்குக் கரண்டு வந்துவிட்டதா? இல்லை, மாடு கட்டி இறைக்கிற கவலை ஏற்றம்தானா? சர்வீஸ் நம்பர் வாங்கிய வருஷம் ஈ.பி. அட்டையில் இருக்கும். போட்டோ எடுத்துப் போடுங்கள்.